முதலில் நின்றது அவள் மெஷின்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது அடுப்பில் குக்கரே இல்லை. "மஞ்சு சித்தியக் கூப்பிடணும்மா. மேடையில என் பக்கத்துல நீயும் அவங்களும் சேந்து நிக்கணும். என் கல்யாணத்துக்காச்சும் பழசையெல்லாம் விட்டுருங்களேன்" என்றாய். நீ கேட்டதில் தப்பில்லை. நீ ஹைஸ்கூல் படித்த நாட்களில் எனக்கு ஓவர்டைம் இருந்தால் மஞ்சுளா வீட்டில்தான் சாப்பிடுவாய். அவளைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அதனால் முதலில் உன் கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அவளைக் கூப்பிடு. பத்திரிகையை நீயே நேரில் போய்க் கொடு. நான் தடுக்க மாட்டேன். ஆனால் மேடையில் அவள் பக்கத்தில் என்னை நிறுத்தாதே. நான் நிற்க மாட்டேன். பழசு என்றாயே, அந்தப் பழசு என்னவென்று உனக்கு முழுதாகத் தெரியாது. அது நடந்தபோது நீ மைசூரில் படித்துக்கொண்டிருந்தாய். "வேலை போச்சுன்னு மட்டும் சொல்லு, போதும். பரீட்சை நேரத்துல அவன் மனசக் கெடுக்காத" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். பரீட்சையெல்லாம் முடிந்து உனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலையும் கிடைத்து இப்போது கல்யாணமும் வந்துவிட்டது. இனி சொல்லலாம். போனில் சொன்னால் நடுவில் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் மஞ்சுளாவும் ஒரு சட்டைக் கம்பெனியில் ஒரே லைனில் அடுத்தடுத்த மெஷினில் தைத்தவர்கள். நான் காலர், அவள் கஃப், அதாவது கைப்பட்டி. நான் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி சந்தாபுராவுக்கு வந்தவள். அவள் பிறந்து வளர்ந்தது கன்டோன்மென்ட் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சண்டை என்று வந்தால் உருது. சூப்பர்வைசர் கத்தினால் நான் தலையைக் குனிந்துகொண்டு தைப்பேன். அவள் நிமிர்ந்து பார்த்து மூன்று மொழியிலும் ஏதாவது சொல்வாள். மொத்த லைனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எங்கள் சங்கம் எதில் ஆரம்பித்தது தெரியுமா? பாத்ரூம் டோக்கனில். ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்தான் கொடுப்பார்கள். ஒருத்தி போய் வந்து அதைக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்க முடியும். மாதவிலக்கு நாளில் உட்கார்ந்த இடத்திலேயே புடவை நனைந்துபோய் அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த டோக்கனை ஒழிக்க நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு இடைவேளையில் லைன் லைனாகப் போய்ப் பேசினோம். அவள் பேச்சுக்குப் பெண்கள் கூடுவார்கள். கூடியவர்களைக் கலையாமல் வைத்துக்கொள்வது என் வேலை. டோக்கன் ஒழிந்தது. சங்கம் நிலைத்தது. நான் செயலாளர், அவள் துணைச் செயலாளர். சிட்டியிலிருந்து ஒரு வக்கீல் வந்து தலைவராக இருந்தார். வெளியாள் ஒருவரைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளச் சங்க விதியில் இடம் உண்டு. அவரைத் தலைவர் என்றே கூப்பிடுவோம்.

தலைவரோடு எனக்குச் சண்டை வந்தது ஒரே ஒரு கேள்வியால். அவர் நிர்வாகத்தோடு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்து, இதுதான் முடிவு என்று எங்களிடம் சொல்வார். ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, "சார், அடுத்த தடவ பேசப் போறப்ப எங்கள்ல ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போங்க. நீங்க பேசறது எங்க பொழப்புதானே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கண்டிப்பா, கண்டிப்பா" என்றார். அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். மஞ்சுளாவுக்குத்தான் செய்தார். அவள் அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. "தலைவர் போன் பண்ணாருக்கா" என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சொல்வாள். நானும் எதையும் யோசிக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் தேர்தல் வரப்போகிறது என்பது எனக்குத் தெரியும். அவள் அந்த இடத்துக்கு ஆசைப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் செய்ததற்கு ஏதாவது கஷ்டம் காரணமாக இருக்குமோ என்று நான் பின்னால் எவ்வளவோ தேடிப் பார்த்தேன். வீட்டில் நெருக்கடியா, யாராவது மிரட்டினார்களா, உடம்பு சரியில்லையா என்று. எதுவும் இல்லை கண்ணு. அந்த நாற்காலி அவளுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆசைப்படுவது குற்றமில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். வெயில் காலம். ஃப்ளோரில் பாதி ஃபேன் ஓடவில்லை. பின்னால் செக்கிங்கில் நின்றிருந்த ஒரு பெண் மயங்கி விழுந்தாள். கர்ப்பிணி. அவளை வெளியே கொண்டுபோக வண்டி கேட்டோம். ஏற்றுமதி நாள், டார்கெட் முடியட்டும், தண்ணி தெளிச்சு ஓரமாப் படுக்க வையுங்க என்று சூப்பர்வைசர் சொன்னான். நான் மஞ்சுளாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. முதலில் நின்றது அவள் மெஷின். இரண்டாவதாக நின்றது என்னுடையது. அப்புறம் லைன் லைனாக நின்று, அத்தனை பெரிய ஹாலில் சத்தமே இல்லாமல் போனது. மெஷின் ஓடாத அந்த ஹாலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. வண்டி வந்தது. அந்தப் பெண்ணும் அவள் குழந்தையும் இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள். மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டி என்னை மட்டும் நிறுத்தினான். சட்டவிரோதமாக வேலையை நிறுத்தியதாகச் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். மஞ்சுளாவை உள்ளே விட்டார்கள். அப்போதும் நான் சந்தேகப்படவில்லை. "நல்லதாப் போச்சு, ஒருத்தியாவது உள்ள இருக்கறா, சாட்சிக்கு ஆளாச்சு" என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

உள்விசாரணை கம்பெனியின் மாடி அறையில் நடந்தது. ஏசி போட்டிருந்தார்கள். விசாரிக்க வந்தவர் முதலில் சங்கத்தின் நிலை என்ன என்று கேட்டார். சங்கத்தின் சார்பில் வந்திருந்தது மஞ்சுளா. எனக்கு எதிரே, மேஜைக்கு அந்தப் பக்கம், நிர்வாகத்தின் ஆட்களோடு அவள் உட்கார்ந்தாள். "வேலையை நிறுத்தணும்னு சங்கம் முடிவு எடுத்ததா?" என்று கேட்டார். "இல்ல சார். சங்கம் எந்த முடிவும் எடுக்கல." "அப்ப யார் முதலில் மெஷினை நிறுத்தினது?" அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "அக்காதான் சார். நாங்க வேணாம்னு சொன்னோம். அவங்களாவே பண்ணிட்டாங்க." அக்கா என்றாள் கண்ணு. அந்த இடத்தில் என் பெயரைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. என்னைப் பேசச் சொன்னபோது, "அவ மெஷின்தான் சார் முதல்ல நின்னுச்சு. அதுக்காக அவள நான் பாராட்டணும்னு இருந்தேன்" என்றேன். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. என் வேலை போனது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உனக்கு நான் சொல்லும் புத்தி இது ஒன்றுதான். உன் பெண்டாட்டி தப்பே செய்திருந்தாலும், மற்றவர்கள் கூடியிருக்கும் இடத்தில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு, நாலு நாள் பேசாமல்கூட இரு. அதெல்லாம் ஆறும். ஊர் முன்னால் கைவிட்டது ஆறாது. உன் அப்பாவுக்கும் எனக்கும் ஆயிரம் தகராறு உண்டு. உறவுக்காரர்கள் எல்லாரும் கூடி என்னை "சங்கம் சங்கம்னு வேலையத் தொலச்சவ" என்று பேசியபோது அவர் எழுந்து, "அவ தொலைக்கல, புடுங்கிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய மற்ற எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

வேலை போனதோடு முடியவில்லை. பொதுக்குழுவில் என்னைச் சங்கத்திலிருந்தே நீக்கினார்கள். வேலையில் இல்லாதவள் உறுப்பினராக இருக்க முடியாது என்றார் தலைவர். வேலையில் இல்லாத வக்கீல் தலைவராக இருக்கலாமாம். அன்றைக்கு மஞ்சுளா மேடையேறிப் பேசியதை நான் கூட்டம் நடந்த கல்யாண மண்டப வாசலில் நின்று ஸ்பீக்கரில் கேட்டேன். கன்னடத்தில்தான் பேசினாள். அதுவும் தப்பில்லை, அங்கே பாதிப் பேர் கன்னடக்காரர்கள். ஆனால் அவள் சொன்னது என்ன? "நம்ம ஊரு, நம்ம சங்க, நம்மவரே இர்பேக்கு." நம்ம ஊரில் நம்ம சங்கத்தில் நம்மவர்கள்தான் இருக்க வேண்டும் என்று. என்னை "ஹொரகினவரு" என்றாள். வெளியாள். எந்நேரமும் அவள் அம்மாவோடு தமிழில் பேசுகிறவள், என் வீட்டு ரசத்தைத் தமிழில் பாராட்டுகிறவள், ஓட்டுக்காக என்னை அந்த ஊருக்கு அந்நியமாக்கினாள். கை தட்டினார்கள், அவளையே செயலாளர் ஆக்கினார்கள். டோக்கன் ஒழிந்த அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்து அழுத பெண்களும் தட்டினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பயந்தவர்கள். சந்தாபுரா மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் தக்காளிக் கடைப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும் ஓடிவந்து, "அக்கா, உங்ககிட்ட பேசினா மஞ்சக்காவுக்குத் தெரிஞ்சுடும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் போனாள். வேறு எந்தக் கம்பெனியிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. என் பெயர் எல்லாக் கேட்டுக்கும் எனக்கு முன்னால் போயிருந்தது. பஸ் ஸ்டாண்ட் பின்னால் ஒரு சின்னக் கடையில் ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மா தொழிலாளர்களுக்காகப் பாடுபட்டாள், மறுபடியும் எழுந்தாள் என்றெல்லாம் உன் நண்பர்களிடம் சொல்லாதே. நான் எழுந்தது மஞ்சுளாவை அந்த நாற்காலியிலிருந்து இறக்க. காலையில் கண் விழித்ததும் அவள் முகம்தான் வரும். ஊசியில் நூல் கோர்க்கும்போது, "அக்காதான் சார்" என்ற அந்தக் குரல் கேட்கும். சாமி கும்பிடப் போனால்கூட, எல்லாரையும் நல்லா வை என்று வேண்டிவிட்டு, அவளைத் தவிர என்று சேர்த்துக்கொள்வேன். கோபத்தை விட்டுவிடு, அது உன்னையே எரித்துவிடும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். என்னை அது எரிக்கவில்லை. அடுப்பு மாதிரி இருந்தது. அதில்தான் நான் சமைத்தேன்.

கம்பெனியில் இப்போது பாதிக்கு மேல் ஒடிசா, ஜார்கண்ட் பக்கத்துப் பெண்கள். கம்பெனியே ஹாஸ்டல் வைத்து அவர்களை அடைத்து வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே விடுவார்கள். சங்கத்தில் அவர்கள் யாரும் இல்லை. "நாளைக்கு ஊருக்குப் போற பசங்க, அவங்களுக்கு எதுக்கு சங்கம்?" என்று மஞ்சுளா கேட்பாளாம். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். விரலில் ஊசி ஏறிய ஒரு பெண் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தம் துணி முழுக்க இருந்தது. எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். பெயர் சுனிதா. எங்கள் கம்பெனிதான், எங்கள் பழைய லைன்தான். சீட்டு வாங்கிக் கொடுத்து, கட்டுப் போடும்வரை கூட இருந்தேன். போகும்போது, "உங்க யூனியன்ல சொல்லலியா?" என்றேன். "அது அவங்களோட யூனியன் தீதி. எங்களோடது இல்ல" என்றாள் ஹிந்தியில். தீதி என்றால் அக்கா. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மஞ்சுளா எந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள் என்று. அந்தக் கதவு வழியாகத்தான் நான் உள்ளே போகப்போகிறேன் என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சுனிதா என் கடைக்கு வர ஆரம்பித்தாள். அவளோடு இரண்டு பேர், அப்புறம் கடை கொள்ளாத அளவுக்குப் பெண்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துச் சங்க விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன். அந்த விதிகளை எழுத உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. வேலை செய்கிற எந்தப் பெண்ணும் சந்தா கட்டி உறுப்பினர் ஆகலாம், எந்த ஊர், எந்தப் பாஷை என்று அதில் இல்லை. அவர்கள் எனக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்தார்கள். நான் பேசினால் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். ஆணையும் பெண்ணாக்கிப் பேசுகிறேனாம். அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பாசம் வந்தது உண்மை. ஆனால் பாசத்தால் ஆரம்பிக்கவில்லை. சுனிதாவுக்கு அது தெரியும். ஒருநாள் கேட்டாள், "தீதி, நீங்க எங்களுக்காகப் பண்றீங்களா, அந்த மேடத்த எறக்கறதுக்காகவா?" நான் பொய் சொல்லவில்லை. "அவள எறக்கத்தான்" என்றேன். அவள் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்ல. ரெண்டுக்கும் வழி ஒண்ணுதான்" என்றாள்.

அவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் கூட்டமாகப் போய் உறுப்பினராகச் சேர்ந்தார்கள். மஞ்சுளா சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டாளாம். ஆள் கணக்கு கூடினால் தலைவருக்கு வெளியே மதிப்பு. இவர்கள் எங்கே கூட்டத்துக்கு வரப்போகிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு. தேர்தல் அறிவித்தபோது செயலாளர் பதவிக்குச் சுனிதா நின்றாள். அப்போதுதான் மஞ்சுளாவுக்கு உறைத்திருக்கும். தேர்தல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டல் கேட்டைத் திறக்கவில்லை. வார்டன் ஏதோ கிருமிநாசினி அடிக்கிறோம், இன்றைக்கு வெளியே போக முடியாது என்றாள். யார் சொல்லிச் செய்தாளோ. கேட்டுக்கு உள்ளேயிருந்து சுனிதா எனக்குப் போன் செய்தாள். நான் என்ன செய்வது என்று சொல்வதற்குள் அவளே போனைக் கையில் பிடித்தபடி வார்டனிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இன்னிக்கு கேட் தொறக்கலன்னா, நாளைக்கு நாங்க யாரும் கேட் தாண்டி வேலைக்கு வர மாட்டோம். ஏற்றுமதி எப்பன்னு உங்க சார்கிட்ட கேட்டுட்டு வாங்க." வார்டன் கேட்டுவிட்டு வந்தாள். கேட் திறந்தது.

அன்றைக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். உன் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்றார். அதே மண்டபம். உள்ளே போக எனக்கு உரிமையில்லை. எதிர்ப்பக்கம் இளநீர் வண்டி பக்கத்தில் நின்றேன். மஞ்சுளா பேசிக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கரில் அதே குரல். அந்த நேரத்தில் தெரு முனையில் அவர்கள் திரும்பினார்கள். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மண்டபத்துக்குள் நுழைய நுழைய ஸ்பீக்கரில் பேச்சு தடுமாறியது. அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். மஞ்சுளா வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அமைதியில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ பிறந்தபோது வந்த சந்தோஷம் வேறு. இது வேறு.

சுனிதா ஜெயித்தாள். ஒதுங்கிப்போன சந்தாபுராப் பெண்களிலும் பலர் அவளுக்குத்தான் போட்டிருந்தார்கள். தலைவர் பின்வாசல் வழியாகக் காரேறிப் போய்விட்டார். மஞ்சுளா முன்வாசல் வழியாக வந்தாள். அதற்காகவே நான் அவள் கண்ணில் படும்படி ரோட்டைத் தாண்டி வந்து நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் தைத்துத் தைத்துப் பிரித்து வைத்திருந்தேன். "உள்ள போய்ப் பாரு மஞ்சுளா. எல்லாம் நம்மவரே இதாரே" என்றேன், பாதி தமிழும் பாதி கன்னடமுமாக. எல்லாரும் நம்மவர்கள்தான் இருக்கிறார்கள் என்று. அவள் என் புடவையைப் பார்த்தாள். "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு நடந்துபோனாள். ஜெயித்தவள் நான். ஆனால் அந்த ஒரு சொல்லில் என் சந்தோஷத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் பாவி.

சில மாதம்தான் ஆனது. நாற்காலி போனதும் நிர்வாகத்துக்கு அவள் தேவைப்படவில்லை. தூரத்தில் இருக்கும் வேறொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். வீட்டிலிருந்து போய்வர முடியாத இடம். போக மாட்டேன் என்றாள், வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரு சாயங்காலம் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் உள்ளே மெஷினில் உட்கார்ந்திருந்தேன். குந்து என்றுகூடச் சொல்லவில்லை.

"அக்கா, புதுக் கமிட்டில வக்கீலுக்குப் பதிலா உன்னய ஆலோசகராப் போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"என் கேஸ சங்கம் எடுக்கணும்க்கா. நீ ஒரு வார்த்த சொன்னா போதும்."

"என் கேஸ எந்தச் சங்கம் எடுத்துச்சு?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. உன் பையன் என் கையால சாப்பிட்டவன், அவனுக்காகவாச்சும்..."

"அவன் பேர எடுக்காத" என்றேன். மிதியை அழுத்தி மெஷினை ஓட்டினேன். ஓட்டத் துணியே இல்லை, வெறும் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் நிறுத்திப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு நன்றாக இறங்கியது.

கமிட்டி பேக்கரிக்கு மேலே உள்ள எங்கள் ஆபீஸ் அறையில் கூடியது. சுனிதா கேஸை எடுத்துச் சொன்னாள். நான் எழுந்து, எடுக்கக் கூடாது என்றேன். எனக்கு என்ன செய்தாள், இவர்களை என்ன சொன்னாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் நன்றாகப் பேசினேன் கண்ணு, என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. யாரும் மறுக்கவில்லை. சுனிதா மட்டும், "நீங்க சொன்னது எல்லாம் நிஜம் தீதி. அந்த மேடம் எங்கள ஹாஸ்டல் நாய்ங்கன்னுகூடச் சொல்லியிருக்கா. ஆனா அவ மெம்பர். இன்னிக்கு மூஞ்சி பாத்து கேஸ் எடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் என் மூஞ்சியப் பாப்பாங்க" என்றாள். எடுக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். என்னுடையதைத் தவிர எல்லாக் கையும் எழுந்தது. வேண்டாம் என்பவர்கள் என்றபோது நான் ஒருத்தி தூக்கினேன். விசாரணைக்கு யார் போவது என்று வந்தபோது, "உங்களுக்குத்தான் அந்த ரூம் தெரியும் தீதி, நீங்க வாங்க" என்று கூப்பிட்டாள். "சாகறவரைக்கும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அவளுக்கு எதிராக நான் ஊட்டி வளர்த்த சங்கம், என் கையிலேயே நிற்கவில்லை. நான் அதைக் கத்தியாகச் செய்தேன். அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. அன்றைக்கு சுனிதா மேலும் எனக்குக் கோபம்தான். கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை. டீயும் போட்டுக் கொடுக்கவில்லை.

சுனிதா தனியாகவே போனாள், அவளுடைய உடைந்த கன்னடத்தோடு. மாற்றிய உத்தரவு பழிவாங்கல் என்று அந்த அறையிலேயே நின்று பேசினாள். உள்ளே பெண்கள் சொல்லிவைத்தாற்போல் ஓவர்டைம் செய்ய மறுத்தார்கள். சந்தாபுராப் பெண்களும் ஹாஸ்டல் பெண்களும் சேர்ந்து. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. மஞ்சுளாவைப் பழைய இடத்திலேயே, சாதாரண டெய்லராக, திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அவள் திரும்பச் சேர்ந்த வாரம் நான் ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கேட்டுக்குப் போனேன். அவள் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வருவதைப் பார்க்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள். கண் கலங்கியிருந்தது. "நீ சொல்லித்தானேக்கா அந்தப் பசங்க என் கேஸ எடுத்தாங்க? எனக்குத் தெரியும்" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வாழ்நாள் முழுக்க அவள் எனக்குக் கடமைப்பட்டவளாக இருந்திருப்பாள். அதைவிடப் பெரிய பழி வேறு இல்லை. ஆனால் அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள எனக்கு அருவருப்பாக இருந்தது. "இல்ல. எடுக்க வேணாம்னு கை தூக்கினவ நான் ஒருத்திதான்" என்றேன். அவள் பெரிதாக மூச்சு விட்டாள். "அப்பாடா. உன் தயவுல பொழைக்கறனேன்னு ஒரு வாரமாத் தூக்கமே இல்லக்கா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவள் இப்போது லைனில் உட்கார்ந்து கஃப் தைக்கிறாள். மாதா மாதம் ஹாஸ்டல் பெண்களிடம் சந்தா கொடுக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இனிக்கிறது, மறுக்க மாட்டேன். அவளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. நீயும் உன் பெண்டாட்டியும் எங்களைச் சேர்த்து வைக்கிறோம் என்று கிளம்பி வராதீர்கள். கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் அவளை நல்ல இடமாகப் பார்த்து உட்கார வை. அவளுக்கு ஒப்பட்டு, அதான் நம்ம போளி, ரொம்பப் பிடிக்கும், நெய் விட்டு இரண்டாகப் போடச் சொல். போட்டதை மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே.

அம்மா